பட்டியில் நின்ற வரிசை

மார்ச் 12

இன்று மூன்று ஆடுகள் ஈன்றன. கறுத்த முகத்துக்காரி இரட்டை போட்டாள். ஒன்று பிழைக்காது என்று நினைத்தேன். மதியம் தானாக எழுந்து நின்று பால் குடித்தது.

பள்ளிக்கூடத்துக்கு மாவட்டத்திலிருந்து டாக்டர்கள் வந்திருந்தார்களாம். வருடா வருடம் வருவதுதான். பிள்ளைகளின் எடை, பல், காது, நெஞ்சு எல்லாம் பார்ப்பார்கள். பெண் பிள்ளைகள் ஒருத்தி விடாமல் காட்டிவிட்டு வந்தார்கள். பெரிய வகுப்புப் பையன்களில் ஒருவன்கூட இல்லை. பாதிப் பேர் பின்சுவர் ஏறிக் குதித்து ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு அன்றைக்குப் பார்த்து வீட்டில் வேலை. எங்கள் ஆர்கெனும் வெயில் ஏறுவதற்குள் வீடு வந்து சேர்ந்தான்.

"என்னடா, பள்ளிக்கூடம் அதுக்குள்ள விட்டாச்சா?"

"ஆடு ஈனுதேன்னு வந்தேம்ப்பா."

"ஆடு நேத்தும்தான் ஈனுச்சு. நேத்து நீ வரலையே."

அடுப்படியில் மருமகள் அய்சாத் சிரித்தாள். அவன் ஒரு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டான்.

மார்ச் 13

இந்த நோட்டைப் பாக்கித் வாங்கி வந்தான். அவன் என் இளைய மகன். எந்த ஆடு எந்த வருடம் எத்தனை போட்டது என்பதெல்லாம் என் மண்டையில் இருக்கிறது, அது என்னோடு போய்விடக் கூடாது என்கிறான். எனக்கு எழுத்து தெரியாது. போர் முடிந்த காலத்துப் பிள்ளை நான். தகப்பன் திரும்பி வரவில்லை, என்னை ஆட்டுக்குப் பின்னால் அனுப்பிவிட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன், பாக்கித்தின் பெண்டாட்டி அய்சாத் எழுதுகிறாள், எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டுகிறாள்.

முதல் பக்கத்தில் என் பெயரை எழுதச் சொன்னேன். மாட்டேன் என்கிறாள். எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்வதில்லை. "வாயால வேண்டாம், கையால எழுது" என்றேன். "கையும் என் கைதானே மாமா" என்றாள். ஆக நோட்டுக்கு உரிமைக்காரன் பெயரில்லாதவன். நான் எசென்கன். இதைப் பாக்கித் எழுதினான். வீட்டு ஆம்பிளைகள் பெயர் வருகிற இடத்தையெல்லாம் அவள் வெறுமையாக விடுகிறாள், அவன்தான் நிரப்புகிறான்.

ஆட்டைப் பற்றி மட்டும் சொல்லத்தான் ஆரம்பித்தேன். மற்றதும் வந்துவிடுகிறது.

மார்ச் 21

நோவ்ருஸ், எங்கள் புத்தாண்டு. பெரிய கொப்பரையில் கோதுமைக் கூழ். ஊர்ப் பிள்ளைகள் வீடு வீடாக வந்து போனார்கள். ஆர்கெனின் கூட்டாளி உலான் மூன்று கிண்ணம் குடித்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். வாயைக் கிளறினேன்.

"டாக்டரைக் கண்டு ஏண்டா ஓடினீங்க? ஊசியா?"

"ஊசின்னா பரவாயில்ல தாத்தா. ஜட்டியோட வரிசையில நிக்க வைக்கிறாங்க. விளையாட்டுக் கூடத்துல. கதவுல கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூரா பொண்ணுங்க."

"ஊர் சுகாதார நிலையத்துல போய்க் காட்டுறது?"

"நர்ஸ் புர்மாகான் அக்காகிட்டயா? காலையில அங்க போய் இருமுனா, சாயங்காலம் ஊர்ல நமக்குக் குழி வெட்டிடுவாங்க. அதுவும் அவங்க பொண்ணு மீரிம் எங்க கிளாஸ்ல வேற இருக்கா."

ஆர்கென் அவன் காலில் ஓர் உதை விட்டான். மீரிம் பெயரைச் சொன்னதற்கு.

யோசித்தால் சரிதான். சுன்னத்து அன்றைக்குப் பையனின் கால்சட்டையைக் கழற்றுகிறோம். அத்தோடு அவன் ஆம்பிளை. அதற்கப்புறம் அவன் உடம்பை யாரும் பார்க்கக் கூடாது, அவனும் காட்டக் கூடாது.

ஏப்ரல் 3

ஊர் சிரிக்கிறது. ஆர்கென் மத்தியான வெயிலில் பக்கத்து வீட்டுச் சாகினின் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டான். சாகின் ஆட்டுக்கு முதுகில் சிவப்புச் சாயம். நம் ஆட்டுக்குப் பிட்டத்தில் சிவப்பு. மந்தை முழுவதையும் வாசல் வரை கொண்டுவந்து, கதவைத் திறந்து உள்ளே விட்டுவிட்டான்.

சாகின் பின்னாலேயே வந்தான். என்னைவிட நான்கு வயது இளையவன், வாய் மட்டும் மூத்தது.

"அண்ணே, திருடுறதுன்னா ராத்திரியில திருடச் சொல்லுங்க. பகல்ல செஞ்சா எங்களுக்கும் ஒரு மரியாதை இருக்கில்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆர்கெனும் சிரித்தான். "தூங்கிட்டேன் சித்தப்பா, கண்ணு முழிச்சதும் எது முன்னால நின்னுச்சோ அதை ஓட்டிட்டு வந்துட்டேன்" என்றான்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் நடக்கத் தெரிந்த பிள்ளை செய்யாத பிழை அது.

ஏப்ரல் 4

இன்று முழுக்க அவனைக் கவனித்தேன். சரிவில் ஆள் வந்தால் பேச்சுக் கேட்கும்வரை சும்மா இருக்கிறான். குரல் வந்த பிறகே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்.

ஏப்ரல் 6

கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாமோ.

சேணத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உனக்குத் தூரத்துல தெரியலையாடா?"

"தெரியுதுப்பா."

"அந்த மேட்டுல நிக்கிறது என்ன?"

வெகுநேரம் பார்த்தான். "குதிரை."

"அது சாகின் வீட்டு வைக்கோல் போர்."

எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தான். பிறகு எல்லாம் வந்தது. இரண்டு வருடமாக இப்படித்தானாம். பள்ளிக்கூடத்தில் கண் பார்க்கும் அட்டை எந்த ஊரிலும் ஒரே அட்டைதானாம். எழுத்துகள் எந்த வரிசையில் வரும் என்று பையன்களுக்கு மனப்பாடம். போன வருடம் டாக்டர் குச்சியால் தொட்டதும் மளமளவென்று ஒப்பித்திருக்கிறான். "அருமையான கண்ணு" என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"புர்மாகான்கிட்ட காட்டிட்டு வரலாம். நானும் வர்றேன்."

"வேணாம்ப்பா. காட்டுனா எழுதிடுவாங்க. எழுதுனது என் பேர்லயே நிக்கும். வர்ற குளிர்காலத்துல எனக்குப் பதினேழு, படைப் பதிவுக்குக் கூப்பிடுவாங்க, அப்ப அதை எடுத்துப் பார்ப்பாங்க. எல்லைக் காவலுக்கு என்னை எடுக்க மாட்டாங்க."

எல்லைக் காவல் என்பது அவனுக்கு இன்று நேற்று வந்த ஆசை இல்லை. மேலே கணவாயில் குதிரை மேல் போகிற காவலர்களுக்கு ஏழு வயதில் புளித்த குதிரைப்பால் குமிஸைக் கொண்டுபோய்க் கொடுத்தவன். ஒருவன் தன் தொப்பியை இவன் தலையில் வைத்தான். அன்றைக்கு முடிவு செய்தது.

"கண்ணு தெரியாம மலையில எப்படிடா காவல் காப்ப?"

"அது என் பாடு."

"உன் பாடு இல்ல. நாளைக்குப் பாறை விளிம்புல குதிரையை விட்டேன்னா? நாளைக்கே போறோம்."

எழுந்து நின்றான். என்னைப் பார்த்து அவன் இந்தக் குரலில் பேசியதே இல்லை.

"வற்புறுத்துனீங்கன்னா நான் மாஸ்கோ போயிடுவேன். என்னைப் பெத்தவங்க அங்கதானே இருக்காங்க."

அய்சாத் இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டாள். எழுது மருமகளே. சொன்னது சொன்னதுதான்.

இதைப் பிறகு படிப்பவர்களுக்கு: ஆர்கென் என் மூத்த மகன் கெனெஷுக்குப் பிறந்தவன். தலைப்பேரனைப் பெரியவர்கள் வாங்கித் தங்கள் பிள்ளையாக வளர்ப்பது எங்கள் வழக்கம். நாற்பதாம் நாள் என் கோட்டுக்குள் சுற்றி எடுத்துவந்தேன். என்னை அப்பா என்பான், கெனெஷை அண்ணா என்பான். எங்கே பிறந்தான் என்பது அவனுக்கும் தெரியும், யாரும் மறைத்ததில்லை. ஆனால் கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்பதும் இல்லை, அந்தப் பிள்ளை திரும்பிப் போகிறேன் என்று சொல்வதும் இல்லை. சொல்லவே மாட்டார்கள். சொல்லிட்டான்.

ஏப்ரல் 7

காற்று. வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 10

புர்மாகானிடம் போனேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. பொதுவாகப் பேசுகிறவன் மாதிரி, பையன்கள் ஏன் உன்னிடம் வருவதில்லை என்று கேட்டேன்.

கெட்டிக்காரி. யாருக்காகக் கேட்கிறேன் என்று கேட்கவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"கைக்குழந்தைய ஊசிக்குக் கொண்டு வர்றாங்க பெரியப்பா. பொண்ணுங்களை அம்மாக்காரிங்க இழுத்துட்டு வர்றாங்க, நாளைக்குப் பிள்ளை பெறணும்னு. பையன் இருக்கானே, மீசை அரும்புனதுலேர்ந்து எலும்பு முறிஞ்சாத்தான் இந்த வாசல மிதிக்கிறான். அம்மா கூப்பிட்டா வெக்கம். அப்பா கூப்பிடுறதே இல்ல. பாதிப் பேருக்கு அம்மா அப்பா ரெண்டு பேரும் ரஷ்யாவுல. யாரு கூட்டிட்டு வருவா?"

"நீ வெளிய சொல்லிடுவேன்னு பயப்படுறாங்களாம்."

முகம் சுருங்கியது. "நான் சொன்னதே இல்ல. ஆனா என் ஜன்னலுக்கு நேர் எதிர்ல கடை. யாரு உள்ள வந்தாலும் கடையில இருக்கிறவங்களே வியாதியை முடிவு பண்ணிடுறாங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "அது கிடக்கட்டும், நீங்க கடைசியா எப்ப உடம்பைக் காட்டுனீங்க?"

"படைக்கு எடுத்தப்ப."

"அது எந்த வருஷம்?"

"எங்க வீட்டுச் செங்குதிரை பனியில செத்த வருஷம். டாக்டர் குதிரைக்குப் பார்க்கிற மாதிரி பல்லைப் பார்த்தாரு, முதுகுல ஒரு தட்டு தட்டுனாரு, கிழக்க அனுப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நல்லாத்தான் இருக்கேன்."

"அதையேதான் பெரியப்பா உங்க பையன்களும் சொல்றாங்க" என்றாள்.

ஏப்ரல் 12

இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்டுத்தலை. தலை என் முன்னால் வந்தது. நான் காதை அறுத்துக் கொடுக்கும்வரை ஒருத்தரும் தட்டில் கை வைக்கவில்லை. எங்களில் எதுவும் அப்படித்தான். மூத்தவன் தொடாததை இளையவன் தொட மாட்டான், மூத்தவன் தொட்டதை இளையவன் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

வழி கண்டுபிடித்தவள் அய்சாத். கிண்ணத்தை எடுத்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "மாமா, மேய்ச்சலுக்குப் போறதுக்கு முன்னால ஆட்டுக்கெல்லாம் ஊசி போடுற நாள் வருதில்ல. ஊர் ஆம்பிளைங்க எல்லாரும் அன்னிக்குப் பொதுப் பட்டியிலதான் நிப்பாங்க. கடைக்காரி கண்ணு அங்க எட்டாது. பொண்ணுங்களும் வர மாட்டாங்க."

"வந்து?"

"மயிர் கத்தரிக்கிற கொட்டகை சும்மாதானே கிடக்கு."

படிக்காதவன் வீட்டில் இப்படி ஒரு மருமகள். (இதை எழுத மாட்டேன் என்றாள். எழுத வைத்தேன்.)

ஏப்ரல் 17

புர்மாகானுக்குச் சந்தோஷம். அவளுக்குப் பதில் பக்கத்து ஊர்ச் சுகாதார நிலையத்தில் இருக்கும் தூர்சுன் என்ற ஆம்பிளை உள்ளே இருப்பான், அவள் வெளியே பெயர் மட்டும் கூப்பிடுவாள். ஒவ்வொருத்தராக. வாசலுக்குக் கம்பளித் திரை. உள்ளே பார்த்தது உள்ளேயே. பேசி முடித்தோம்.

சாகினிடம் சொன்னேன், நான் முதலில் போகிறேன், அடுத்தது நீ என்று.

"எனக்கு என்ன வியாதி?"

"வியாதி இருந்தாத்தான் போகணுமா? உன் ஆட்டுக்கு என்ன வியாதின்னு ஊசி போடுற?"

"ஆட்டை நான் விக்கணும் அண்ணே. என்னை யாரு வாங்கப் போறா?"

கடைசியில் சரி என்றான். மறுத்தால் நான் போன இடத்துக்கு அவன் வராதவன் ஆகிவிடுவான்.

வரும்போது புர்மாகான் ஒன்று சொன்னாள், சாதாரணமாக. "உங்களுக்கு எழுத்து தெரியாதே பெரியப்பா. கண்ணுக்கு வளைய அட்டையை மாட்டச் சொல்றேன். வளையத்துல எந்தப் பக்கம் வாய் திறந்திருக்குன்னு கையால காட்டுனா போதும். ஒரே அட்டை, எல்லாருக்கும் அதையே வச்சிக்கலாம்."

வீடுவரை நடந்தது தெரியவில்லை. வளையத்தை யாரும் மனப்பாடம் செய்திருக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 20

அய்சாத் சொல்கிறாள்: "சொல்லாம விட்டுடுங்க. அன்னிக்கு வரிசையில நிப்பான், தானா வெளிய வந்துடும். உங்க மேல பழியும் வராது."

பட்டியில் ஆட்டை மடக்கிப் பிடிக்கிற மாதிரியா? ஆட்டுக்கு அது போதும். மறுபடி மறுபடி யோசிக்கிறேன். சொன்னால் ஓடிவிடுவான். சொல்லாவிட்டால் கண் தப்பும், பையன் போவான். எது பெரிய நட்டம்?

ஏப்ரல் 24

இன்னும் சொல்லவில்லை. அவன் தினமும் மாஸ்கோவோடு போனில் பேசுகிறான். நான் வந்தால் எழுந்து வெளியே போகிறான்.

ஏப்ரல் 26

சொல்லிவிட்டேன். சாயங்காலம், பால் கறக்கிற நேரம். அவன் பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு எழுத்து அட்டை இல்ல. எனக்காக வளைய அட்டை வைக்கிறாங்க. அது உனக்குத் தெரியாத அட்டை. தெரிஞ்சுக்கோ."

பசுவின் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றினான்.

"விடியறதுக்கு முன்னாடி குதிரையை எடுத்துட்டு மேல போறதுன்னா போ. நான் எழுந்துதான் இருப்பேன், ஆனா பார்க்க மாட்டேன். மாஸ்கோவுக்குப் போறேன்னாலும் வண்டிக்கு நானே சொல்லிவிடுறேன். ஆனா போறவன் கண்ணைக் காட்டிட்டுப் போ. எங்க போனாலும் ரோட்டைத் தாண்டணுமில்ல."

"ஏம்ப்பா எனக்கு முன்னாடியே சொல்றீங்க?" என்றான்.

பசு வாலால் என் முகத்தில் அடித்தது. அதுதான் பதில்.

ஏப்ரல் 27

காலையில் கட்டுத்தறியில் அவன் குதிரை இல்லை.

பட்டிக்குப் போனோம். தூசி, கத்தல், சாண நாற்றம். கால்நடை டாக்டரின் ஆட்கள் ஒரு பக்கம் ஊசி போட, நாங்கள் ஆட்டைப் பிடித்துத் தள்ள. கொட்டகை வாசலில் அய்சாத் கொடுத்தனுப்பிய கம்பளித் திரை தொங்கியது. புர்மாகான் என் பெயரைக் கூப்பிட்டாள். ஊரே திரும்பிப் பார்த்தது.

உள்ளே தூர்சுன். சின்னப் பையன், காது குளிரில் சிவந்திருந்தது, மரியாதை தெரிந்தவன். கையில் பட்டை சுற்றி அழுத்தினான். நெஞ்சில் குளிர்ந்த வட்டத்தை வைத்தான். மேலே கேட்டான், கீழே கேட்டான். ஒன்று சொல்கிறேன்: வயதான ஆம்பிளையிடம் சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்க இந்த ஊரில் எவனும் பிறக்கவில்லை என்று நினைத்திருந்தேன். கேட்டான். சொன்னேன். வளைய அட்டையில் கடைசி வரிசை வரை காட்டினேன். தூர்சுன் அட்டைப் பக்கம் போய்த் தானே கிட்டே வைத்துப் பார்த்து, "சரிதான் தாத்தா, எனக்கே தள்ளி நின்னா தெரியல" என்றான்.

நான் வெளியே வந்ததும் சாகின் போனான். பிறகு அறுபதுக்காரர்கள். பிறகு ஐம்பது. அதற்கப்புறம் புர்மாகான் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. வயது வரிசை தானாக நகர்ந்தது. பாக்கித் போய் வந்தான். முப்பதுக்காரர்கள் ஒருவனை ஒருவன் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே பார்த்ததை உள்ளேயே வைக்க எல்லாரும் பாடுபட, சாகின் மட்டும் தன் இரத்த அழுத்தத்தை ஊர் முழுக்கக் கூவிக்கொண்டு திரிந்தான். "நூத்தித் தொண்ணூறாம்! எவனுக்காச்சும் இருக்கா?" வென்ற குதிரையைப் பற்றிப் பேசுவது போல.

பையன்கள் முறை வந்தது. உலான் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நீங்களே போயிட்டீங்க தாத்தா, இனி நாங்க எங்க ஓடுறது?" என்று முணுமுணுத்துவிட்டுப் போனான். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். ஜட்டி கழற்றச் சொல்லவில்லையாம்; எங்கே பார்க்க வேண்டுமானாலும் கேட்டுவிட்டுத்தான் பார்த்தார்களாம்.

அடுத்தவன், அடுத்தவன். நான் வாசலைப் பார்க்காமல் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மேல் சரிவிலிருந்து ஆடுகள் இறங்கி வந்தன. பிட்டத்தில் சிவப்பு. நேற்று மேல் கிடையில் தங்கிவிட்ட எங்கள் கிழட்டு ஆடுகள், அவற்றுக்கும் ஊசி போட வேண்டும். பின்னால் ஆர்கென். குதிரையை விட்டு இறங்கினான். கடிவாளத்தை என் கையில் கொடுத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

நான் குதிரையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுவரை நடந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்காத இடம் வரை.

ஏப்ரல் 29

அவன் எதுவும் சொல்லவில்லை. புர்மாகானிடம் போய், "பையனுக்கு என்னவாம்?" என்று கேட்டேன்.

"தேநீர் குடிங்க பெரியப்பா."

"நான் வளர்த்தவன்டி அவன்."

"அதான் சர்க்கரையும் போட்டிருக்கேன்."

திரை, நான் கேட்ட திரை, எனக்கும் சேர்த்துத்தான் தொங்குகிறது. கோபமாகத்தான் திரும்பி வந்தேன். பாதி வழியில் கோபம் போய்விட்டது.

மே 4

பேசுகிறான், ஆட்டைப் பற்றி மட்டும்.

மே 9

கோடைக்கு மலை மேய்ச்சல் நிலத்துக்குப் போக மூட்டை கட்டுகிறோம். கயிறு முறுக்கிக்கொண்டிருந்தேன், மறுமுனையை அவன் பிடித்திருந்தான். கயிறு முறுக்குகிறபோது கண் கயிற்றில்தான் இருக்க வேண்டும், ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்க முடியாது. அதனால்தான் சொன்னானோ என்னவோ.

"மூணாவது வரிசை வரைக்கும்தான் தெரிஞ்சுது."

"ம்."

"நாரின் டவுன்ல கண் டாக்டர்கிட்ட போகணுமாம். கிட்டப் பார்வையாம். கண்ணாடி போடாட்டி இன்னும் மோசமாகலாமாம்." முறுக்கைக் கையில் இறுக்கிக்கொண்டு, "எல்லைக்கு எடுப்பாங்களான்னு கேட்டேன். அது எங்களுக்குத் தெரியாது, படைப் பதிவுல டாக்டருங்கதான் முடிவு பண்ணுவாங்க, பொய் சொல்லி உன்னை ஏமாத்த மாட்டேன்னாரு தூர்சுன் அண்ணன்."

"நல்ல பையன்."

"கெனெஷ் அண்ணன்கிட்ட சொன்னேன். கத்துனாரு."

நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டே, "உன்கூட யாரு வரணும்?" என்று கேட்டேன்.

"யாரும் வேணாம். உலான் வர்றான்."

நல்லது. ஏன் நல்லது என்று சொல்லிக்கொண்டேன் என்று தெரியவில்லை, கொஞ்சம் வலித்தது.

மே 16

கண்ணாடியோடு வந்தான். வாசலில் நின்று மலையைப் பார்த்தான், வெகுநேரம். "அங்க இவ்ளோ கல்லா இருக்கு!" என்றான். அய்சாத், "செல்லத்தம்பி டாக்டர் மாதிரி இருக்காரு" என்றாள். அவன் பெயரையும் அவள் சொல்லக் கூடாது; கல்யாணமாகி வந்த அன்று அவளே வைத்த பெயர் செல்லத்தம்பி.

மே 23

கண்ணாடிக் காம்பு உடைந்தது. குதிரை உதறியது. ஜட்டி எலாஸ்டிக்கை எடுத்து அய்சாத் ஒரு கட்டு போட்டுக் கொடுத்தாள். "ஜட்டியைக் கழட்ட மாட்டேன்னீங்க, கடைசியில தலைக்கே ஏறிடுச்சு" என்றாள். ஊரில் எவனோ நாலுகண்ணன் என்றானாம். "ரெண்டு உன்கிட்ட இருக்கிறதே வேஸ்ட்டு" என்று இவன் சொன்னானாம். உலான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

ஜூலை 8

மேய்ச்சல் நிலம். இங்கே போன் எடுக்க வேண்டுமானால் மேட்டுக்கு ஏற வேண்டும். கெனெஷ் கூப்பிட்டான் என்று ஏறினேன்.

"அப்பா, எதுக்கு அதைக் காகிதத்துல ஏத்துனீங்க? எல்லாப் பயலுக்கும்தான் ஏதாச்சும் இருக்கு. சும்மா இருந்திருந்தா படையில சேர்ந்திருப்பான்."

"சேர்ந்து பாறையில விழுந்திருப்பான்."

"இப்ப என்ன ஆச்சு? அவனும் கெட்டான், ஆசையும் கெட்டுச்சு. ஆகஸ்ட்ல வர்றேன். இங்க கூட்டிட்டு வந்துடுறேன். என்கூட லாரியில உதவியாளா இருக்கட்டும். அவன் எனக்குப் பிறந்தவன்தானே."

காற்று அடித்தது. கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்டது.

"வா" என்றேன். "வந்து அவன்கிட்ட கேளு. என்கிட்ட கேக்காத."

ஜூலை 9

சரியாகச் சொன்னேனா? கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்கிறான். இதற்கு எங்கள் முன்னோர் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். பெயரே இல்லை. செய்யாததற்கு யார் பெயர் வைப்பார்கள்.

ஆகஸ்ட் 19

கெனெஷ் வந்துவிட்டான். கனத்துவிட்டான், முகம் சிவந்து, மேடேறும்போது இரண்டு தடவை நின்றான். புகைக்க நின்றேன் என்றான். திரும்பிப் போவதற்கு வண்டியில் இரண்டு இடம் சொல்லிவைத்திருக்கிறானாம். ஆர்கெனுக்கு மாஸ்கோ ஷூ, பெரிய பந்து, இனிப்பு. பதினாறு வயதுக்காரனுக்குப் பந்து. ஆர்கென் வாங்கிக்கொண்டான். கண்ணாடியைப் பார்த்து, "கழட்டுடா, கிழவன் மாதிரி இருக்க" என்றான் கெனெஷ். இவன் கழற்றவில்லை.

ஆகஸ்ட் 21

இன்று சாப்பாட்டில் கேட்டுவிட்டான், எல்லார் முன்னாலும். "என்கூட வர்றியா?" ஆர்கென் கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தான். நான் வெளியே போகலாம் என்று எழுந்தேன். அய்சாத் வாசலை மறித்துத் தேநீர் நீட்டினாள். ஆகவே ஆர்கென் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"அண்ணா, அங்க லாரி ஓட்டுறதுக்கு உடம்பைப் பார்ப்பாங்களா?"

"பார்த்தேன்னு ஒரு காகிதம் கொடுத்துடுவாங்க. ஏன்?"

"மேடேறும்போது ரெண்டு தடவை நின்னீங்களே. இந்தக் கண்ணாடியில நல்லா தெரிஞ்சுது."

"டேய், நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நானும் அதையேதான் அண்ணா சொன்னேன். நாளைக்கு ஊருக்கு இறங்கலாம். புர்மாகான் அக்கா வாய் திறக்க மாட்டாங்க, அப்பாகிட்டயே சொல்லல. வாங்க, அப்புறம் பதில் சொல்றேன்."

கெனெஷ் என்னைப் பார்த்தான், நான் தடுப்பேன் என்று. "நான் போயிட்டு வந்த இடம்தான்" என்றேன். அதற்கு மேல் எங்கள் வீட்டில் பேச்சில்லை.

ஆகஸ்ட் 22

போனார்கள், இருவரும் இரண்டு குதிரையில். நான் போகவில்லை.

திரும்பி வந்தபோது ஆர்கென் குதிரையை முன்னால் விட்டுக்கொண்டு மேட்டில் மெல்ல மெல்ல வந்தான், அவன் அண்ணன் வேகத்துக்கு. கெனெஷின் சட்டைப்பையில் மாத்திரைப் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை. தேநீர் ஊற்றச் சொன்னேன்.

ஆகஸ்ட் 25

கெனெஷ் இன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சின்னப் பையனாக இருந்தபோது காய்ச்சல் வந்தால் உட்கார்வது போல.

"உப்பைக் குறைக்கணுமாம். சிகரெட்டை விடணுமாம். என்னை விட்டுட்டுப் போகாம வாசல்லயே உக்காந்திருந்தாம்ப்பா அவன்."

"ம்."

"உங்க பையன்" என்றான்.

செப்டம்பர் 1

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. படைப் பதிவு குளிர்காலத்தில், எடுப்பார்களோ மாட்டார்களோ. ஆர்கென் விடியற்காலையில் எழுந்து, அண்ணனை நாரின் வண்டியில் ஏற்றிவிட்டு, அங்கிருந்தே புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போனான். கெனெஷ் சொல்லிவைத்த இரண்டு இடத்தில் ஒன்றில் கெனெஷ் போனான். மற்றதில் எங்கள் வீட்டு வெண்ணெய் டின்னை வைத்து, சாயாமல் இருக்கப் பட்டையால் கட்டிவிட்டார்களாம்.